மழை நாளில் நிறையும் வகுப்பு

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்மாரே, சார்மாரே, உங்களில் இரண்டு பேர் முதல் வாரமே பஸ்ஸில் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நல்லது. நான் மூன்றாம் நாளே அழுதேன். அதுவும் நாற்பத்தொரு வயதில், முன்சீட்டில் உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட் கேட்கத் தயங்கி நின்ற அளவுக்கு. ஆகையால் அழுகையில் உங்களுக்கு நான் சீனியர். அந்த மரியாதையோடு நான் சொல்வதைக் கேளுங்கள்.

என்னை இன்று பேசக் கூப்பிட்டவர்கள் வகுப்பறை மேலாண்மை பற்றிச் சொல்லச் சொன்னார்கள். அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் மழையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. இப்போதும் காலையில் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டால் கை தானாகச் சாக்பீஸைத் தேடுகிறது. ஏன் என்று சொன்னால்தான் எனக்கும் சமாதானம்.

நான் தோவாளைப் பக்கத்துக்காரி. வயலும் வாய்க்காலும் பூவும் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் ஆணை வந்தபோது என் மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அரசுத் தேர்வு, அம்மாவுக்கு முதல் வேலை. போட்டது அருமனையையும் தாண்டி, மலைப்பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில். சுற்றிலும் ரப்பர் தோட்டம். ரப்பர் மரத்தை அதுவரை நான் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். அங்கே பேசும் தமிழைக்கூட முதல் வாரம் பாதிதான் பிடிக்க முடிந்தது. பிள்ளைகள் எனக்கு உடனே பெயர் வைத்துவிட்டார்கள், கிழக்கத்தி டீச்சர் என்று.

எட்டாம் வகுப்பு என் பொறுப்பு. பதிவேட்டில் இருபத்தாறு பெயர். வகுப்பில் உட்கார்ந்திருப்பது பதினொன்று, மிஞ்சினால் பன்னிரண்டு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தினமும் காலையில் கால் மணி நேரம் பிரசங்கம். படிப்பின் அருமை என்ன, ஒழுங்கு என்றால் என்ன, பள்ளிக்கு வராதவன் என்ன ஆவான், எல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். யாரிடம் சொன்னேன்? வந்திருந்த பதினொரு பேரிடம். வராத பதினைந்து பேருக்காக வந்த பதினொரு பேர் தினமும் திட்டு வாங்கினார்கள். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவு நல்ல பிள்ளைகள். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். செய்யத் தோன்றும், நாக்கு நுனிவரை வரும், அப்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். சத்துணவு சமைக்கிற லீலாவைச் சந்தேகப்பட்டேன். லீலா என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். வெட்டிப் பேசுவாள், விறகு மாதிரியே. காலையில் மணியடிக்கும் முன்னாலேயே அரிசியை அளந்து களைந்துவிடுவாள். ஆளுக்கு ஒரு டம்ளர் கணக்கு. அன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், ஆனால் டம்ளரை எங்கேயோ நிறுத்திவிடுவாள். வராத பிள்ளைகளின் பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறாள் என்று என் புத்தி சொன்னது. தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லியும் விட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவ எப்பம் நிறுத்துகான்னு நாலு நாள் பாருங்க டீச்சர், பொறவு வாங்க" என்றார். நான் அதை மெத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் வந்தது மழை.

ஜூன் மாதத்து மேற்கத்தி மழை உங்களுக்குத் தெரியும். கிழக்கே எங்கள் ஊரில் அதன் வாலைத்தான் பார்ப்போம். இங்கே தலையே வந்து இறங்குகிறது. அன்று காலை எங்கள் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றது. வெயிலிலேயே வராத பிள்ளைகள் இந்த மழையிலா வரப்போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். நிதானமாகத் தோசை தின்று, முதல் பஸ்ஸை விட்டு, இரண்டாவது பஸ்ஸைப் பிடித்து, குடையைச் சாவகாசமாக மடக்கிக்கொண்டு பத்தரை மணிக்கு வகுப்புக்குள் நுழைகிறேன்.

இருபத்தாறு பேர். ஒரு பெஞ்சிலும் இடமில்லை. தலையெல்லாம் ஈரம். என்னைக் கண்டதும் மொத்தமாக எழுந்து நின்றார்கள். நான் பெயரை மட்டும் வாசித்துப் பழகிய பதினைந்து பிள்ளைகள் முதல்முறையாக முகத்தோடு நின்றார்கள், டீச்சரைத்தான் காணவில்லை. கரும்பலகையில் யாரோ தேதி எழுதி, பாடம் என்ற இடத்தில் கணக்கு என்று எழுதி, அதன் கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள்.

சமையலறைக்கு ஓடினேன். பெரிய அண்டா அடுப்பில் இருந்தது. வெயில் நாளில் பார்த்ததைப் போல இரண்டு மடங்கு அரிசி.

"லீலா, இத்தனை பேரு வருவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இண்ணைக்கு வெட்டு இல்லல்லா டீச்சரே. மழையத்து மரம் வெட்ட ஒக்குமா? பாலெல்லாம் வெள்ளத்தோட ஒலிச்சுப் போவும். அப்பம் பிள்ளைய இஞ்ச வரும். நான் காலத்தே வானத்தப் பாத்துட்டுதான் அரிசி போடுவேன்."

விஷயம் இவ்வளவுதான். வெயிலடித்தால் அம்மாமார் இருட்டோடே மரம் வெட்ட, அதாவது ரப்பர் பட்டையைக் கீறிப் பால் இறக்க, போவார்கள். எட்டு எட்டரைக்கு மேல் மரத்தில் கட்டிய கொட்டாங்கச்சிச் சிரட்டையில் பால் நிறையும். அதை மரம் மரமாகப் போய் வாளியில் சேர்ப்பதற்குப் பிள்ளைகள் கை வேண்டும். முடியப் பதினொன்று ஆகிவிடும். மழை பெய்தால் வெட்டு கிடையாது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். உலகத்திலுள்ள டீச்சர்களெல்லாம் வெயிலை நம்பிப் பாடம் நடத்த, இங்கே மழையை நம்ப வேண்டும். இது தெரியாமல் நான் ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு பத்தரைக்கு வந்து நிற்கிறேன்.

லீலாவிடம் என் சந்தேகத்தையும் அங்கேயே சொல்லிவிட்டேன். மறைத்து வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. அவள் அகப்பையை வைத்துவிட்டு, "கொள்ளாம், இனி தினமும் டீச்சருக்கு நான் பிடி அரிசி காட்டிட்டுதான் போடணுமா?" என்றாள். ஒரு வாரம் அப்படியே காட்டினாள். அந்த ஒரு வாரமும் எனக்குத் தேவைதான்.

இனி மழை நாளுக்குக் கணக்கு, வெயில் நாளுக்குப் படம் வரைவதும் கட்டுரையும் என்று நேரத்தைத் திருப்பிப் போட்டேன். தலைமையாசிரியர் தலையாட்டினார். அடுத்த மழைக்கு முதல் பஸ்ஸிலேயே போய் நின்றேன். இருபத்தாறு பேரும் வந்தார்கள். வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

எட்டாம் வகுப்பு இருந்தது பழைய கட்டடம். தகரக் கூரை. மழை விழுந்தால் உள்ளே செண்டைமேளம்தான். கத்திப் பார்த்தேன். முன் பெஞ்சுக்கு மட்டும் பாதி எட்டியது. பின் பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். வெயிலில் குரல் இருக்கிறது, பிள்ளை இல்லை. மழையில் பிள்ளை இருக்கிறது, குரல் இல்லை. எப்படி இருக்கும் எனக்கு? சாக்பீஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்த அந்த நொடியில் வாய் மூடியிருந்ததே, அதுதான் வழியைக் காட்டியது.

எழுந்து கரும்பலகையில் எழுதினேன்: இன்று யாரும் பேசக் கூடாது, நான் உட்பட.

அவ்வளவுதான், வகுப்பு நிமிர்ந்தது. கணக்கைப் பலகையில் எழுதுவேன். நோட்டுத் தாளில் பெரிதாக விடையை எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். ஒரு நாளில் சைகைகளும் வந்துவிட்டன. உள்ளங்கையை விரித்துத் தூக்கினால் புரிந்தது. தலையில் கை வைத்தால் புரியவில்லை. மூடிய முஷ்டியைக் காட்டினால் பொறு, அவசரப்படாதே. தலையில் கை வைத்தவர்களிடம் விரித்த கைக்காரர்கள் போய் உட்கார்ந்து எழுதிக் காட்டுவார்கள். வருகைப் பதிவுக்குக்கூடப் பலகையில் பெயரைத் தொட்டால் கை தூக்குவார்கள். தலைக்கு மேல் மழை கொட்டு கொட்டென்று கொட்டுகிறது, கீழே இருபத்தாறு பேர் சத்தமே இல்லாமல் கணக்குப் போடுகிறார்கள். அந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்ல? பஸ்ஸில் திரும்பிப் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். அதே கண்டக்டர் பார்த்தார், முன்னால் அழுத அம்மாதானே இது என்று.

அந்தப் பேசாத வகுப்பில்தான் ஷைனியைக் கண்டுபிடித்தேன். பின் பெஞ்சில் சுவரோடு ஒட்டி உட்காருவாள். மழைக்கு மட்டுமே வருகிற பிள்ளை, வெயில் நாளில் ஒரு தடவையும் வந்ததில்லை. அப்பா கேரளாவில் கட்டட வேலை, வருவதும் போவதும் அவர் இஷ்டம். அம்மா செல்வி ஒரு தோட்டத்தில் மரம் வெட்டுகிறாள். தோட்டத்துத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் குடியிருப்பு. பாலெடுக்க ஷைனியை விட்டால் ஆள் கிடையாது. நகத்தில் எப்போதும் உறைந்த பால் ஒட்டியிருக்கும். அவள் விடைத்தாளைத் தூக்கும்போது மற்றவர்கள் இன்னும் கேள்வியை எழுதிக்கொண்டிருப்பார்கள். முதலில் பக்கத்தில் பார்த்து எழுதுகிறாளோ என்று நினைத்தேன். பார்த்தால், பக்கத்தில் இருப்பவளுக்கே இவள்தான் எழுதிக் கொடுக்கிறாள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் தேர்வு ஒன்று உண்டு. அதில் தேறினால் பன்னிரண்டு வரை படிக்கக் கை கொடுக்கும். எங்கள் பள்ளியில் யாரும் எழுதியதில்லை. ஐந்து பேரை எழுத வைப்பது என்று தலைமையாசிரியரும் நானும் முடிவு செய்தோம். ஷைனிக்கு இதில் வேறொரு கணக்கும் இருந்தது. எட்டு முடிந்ததும் அவளுக்கென்று தனியாக ஒரு வெட்டு, அதாவது ஒரு ஆள் வெட்டும் அளவு மரம், வாங்கிக் கொடுக்கச் செல்வி ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள். தேர்வு இல்லையென்றால் மே மாதத்தோடு அவள் கையில் கத்தி.

விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க லைன் வீட்டுக்குப் போனேன். செல்வி மறுக்கவில்லை. மெதுவாகப் பேசுகிற பெண். "பரீட்ச சனியாழ்ச்சயில்லியா டீச்சர்? அண்ணைக்கு மழை பெஞ்சா கூட்டிட்டுப் போங்க. வெயிலுன்னா எனக்கு இவ இல்லாம ஒக்காது. இருநூறு சொச்சம் மரம், நான் ஒருத்தி ஓடி எடுக்கதுக்குள்ள பாதி உறைஞ்சு போவும்" என்றாள்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. தேர்வு டிசம்பரில். ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் பாக்கி இருந்தது. மழைதான் நம் கட்சி ஆயிற்றே. தைரியமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு நல்ல மழைக் காலை. பாடுகிற மனசோடு பள்ளிக்கு வந்து, வழக்கம்போலச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். சின்ன அண்டா.

"என்ன லீலா, மழை பெய்யுதே?"

"பெய்யட்டு. தோட்டத்துக்காரன் மரத்துக்கெல்லாம் பாவாடை கெட்டியாச்சு டீச்சர்."

மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைப் பாவாடை மாதிரி ஒட்டிவிடுவார்களாம். வெட்டுப் பட்டையும் சிரட்டையும் நனையாது. மழை கொஞ்சம் ஓய்ந்தால் போதும், வெட்டலாம். பெரிய தோட்டங்களில் முன்பே உண்டு. இந்த முதலாளி அந்த வருஷம்தான் கட்டினார். அவர் மேல் என்ன குற்றம்? அவர் பிழைப்பு அவருக்கு. ஆனால் என் வகுப்பில் அன்று மழையிலும் பதின்மூன்று பேர். ஷைனி இல்லை. அடுத்த மழைக்கும் இல்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை. இப்படிப் பட்ட நாளில் உங்களுக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் தோன்றியது. ஒரு புகார்க் கடிதம் எழுதினேன், பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறார்கள் என்று. பேனா அழுந்தித் தாள் கிழிந்துவிட்டது, அவ்வளவு ஆத்திரம்.

கடிதம் இரண்டு நாள் பையிலேயே இருந்தது. அனுப்பினால் அதிகாரிகள் வருவார்கள். தோட்டத்துக்காரர் பிள்ளையை வேலைக்கு வைத்ததே இல்லை என்பார். அது ஒரு வகையில் உண்மையும்கூட, பதிவில் இருப்பது செல்வி மட்டும்தான். அப்புறம் லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். ஷைனி எந்த ஊருக்குப் போவாள், எந்தப் பள்ளியில் தேடுவேன்? புகாரே எழுதாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. எழுதியே தீர வேண்டிய வீடுகளும் உண்டு, நானே பின்னால் எழுதியிருக்கிறேன். எழுதும் முன் அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளை எங்கே எழுந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அதை நினைத்துத்தான் நான் கடிதத்தைக் கிழித்தேன். அதற்குப் பதில் செய்ததோ, கேட்டால் சிரிப்பீர்கள்.

தேர்வுக்கு முந்தின சனிக்கிழமை தோட்டத்துக்குப் போய், "அடுத்த சனிக்கிழமை ஷைனிக்குப் பதிலா நான் பாலெடுக்கேன்" என்றேன்.

செல்வி என் சேலையைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "செய்து பாருங்க" என்று வாளியைத் தந்தாள்.

சிரட்டையைக் கவிழ்த்து விரலால் வழித்து வாளியில் விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஷைனி ஒரு மரத்துக்கு இரண்டு மூச்சுகூட எடுக்க மாட்டாள், அடுத்த மரத்தில் நிற்பாள். நான் பத்து மரம் முடிக்கும்போது அவள் ஒரு வரிசையையே முடித்துத் திரும்பி வந்தாள். போட்டி போடுகிற புத்தி எனக்கு. வேகமாக இறங்கினேன். சருகு வழுக்கியது. நான் ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம். வெள்ளை வெளேரென்று அந்தக் காலைப் பாடு முழுக்க மண்ணில் இறங்கிப் போனது.

செல்வி ஒரு வார்த்தை திட்டவில்லை. வாளியை நிமிர்த்தி வைத்தாள். "டீச்சர், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். ஷைனி என்னைப் பார்க்காமல் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை லீலாவிடம் சொன்னேன். அவள் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே, "டீச்சருக்கு என்னத்துக்கு இந்த வேல? நான் கணக்குப் பாடம் நடத்தினா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

அந்தச் சனிக்கிழமை விடிந்தபோது வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. பாவாடைக்கும் அடங்காத பெருமழைக்கு மூன்று வாரம் நேர்ந்துகொண்டது வீண். தேர்வு குலசேகரத்தில் ஒரு பள்ளியில், ஒன்பதரைக்கு. தலைமையாசிரியர் நேரே அங்கே வந்து நிற்பார். மற்ற நாலு பிள்ளைகளும் மேலே கடைசி நிறுத்தத்தில் பஸ் ஏறி வருவதாக ஏற்பாடு. நான் மட்டும் ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்தில் ஏறினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. காலிலாவது விழலாம் என்று போனேன்.

மேலே போனால் செல்விக்குப் பக்கத்தில் இன்னொரு பெண். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துண்டு, கையில் வாளி. திரும்பினால் லீலா.

"நான் வெட்டுக்காரிக்க மோளாக்கும். கல்யாணம் வரைக்கும் இதுதான் எனக்க வேல" என்றாள். "டீச்சருக்குத் தெரிஞ்சத டீச்சர் செய்யட்டு, எனக்குத் தெரிஞ்சத நான் செய்யியேன். ஏட்டி ஷைனி, நிண்ணு பாக்காத, போய் உடுப்ப மாத்து." பிறகு மரங்களுக்கு நடுவே தெரிந்த வானத்தை ஒரு பார்வை பார்த்தாள். "செல்வி, பத்து மணிக்கு முன்ன எடுத்துப் போடணும். மழை உண்டு."

நானும் அண்ணாந்து பார்த்தேன். பளிச்சென்ற நீலம். செல்வி மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், லீலா கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். "செல்லு மக்களே" என்றாள்.

ஷைனி கைகால் கழுவி, யூனிபார்ம் போட்டு, பேனா இரண்டும் ஹால் டிக்கெட்டும் எடுத்து வருவதற்குள் கீழே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பஸ் ரோடு மலையைச் சுற்றி வரும். ஒற்றையடிப் பாதை நேரே இறங்கும். ஓடினோம். நாற்பத்தொரு வயதுக்காரி, முட்டிக்கு மேலே தூக்கிச் செருகிய சேலை, வாயில் செருப்பைக் கவ்வாத குறை. போன வாரம் வழுக்கிய அதே சருகு. பாதி வழியில் மரங்களுக்கு நடுவே பஸ் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் வளைவைத் தாண்டிவிடும். நான் கத்தினேன். அத்தனை தூரத்துக்கு யாருக்குக் கேட்கும்?

ஷைனி கத்தவில்லை. ஒரு பாறையில் ஏறி நின்று உள்ளங்கையை விரித்துத் தலைக்கு மேல் தூக்கினாள். பஸ் ஜன்னலில் ஒரு தலை திரும்பியது. அடுத்து இன்னொன்று. பிறகு நாலு ஜன்னலில் நாலு கை வெளியே வந்தது. நாலும் மூடிய முஷ்டி.

"நிறுத்துவாங்க டீச்சர்" என்றாள் ஷைனி, என் கையைப் பிடித்துக்கொண்டு. "பொறு, அவசரப்படாதேன்னு காட்டியாச்சு. பையப் போவோம்."

கீழே போனபோது பஸ் வளைவில் நின்றுகொண்டிருந்தது. நாலு பேரும் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் டீச்சர் ஏறாமல் இந்தப் பஸ் போகாது என்று அதில் ஒருவன் டிரைவரிடமே சொல்லிவிட்டானாம். அதே கண்டக்டர்தான். என் சேலையையும் மூச்சிரைப்பையும் பார்த்து, "இண்ணைக்கு அழுகையா சிரிப்பா டீச்சர்?" என்று கேட்டார்.

மணியடித்துப் பிள்ளைகள் உள்ளே போனார்கள். நானும் தலைமையாசிரியரும் வெளியே வாகை மரத்தடியில் நின்றோம். பத்தேகால் இருக்கும், மேற்கே கறுத்தது. நான் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த மழை, கேட்காத நேரத்தில் வந்து விழுந்தது. அங்கே தோட்டத்தில் வாளிகள் திறந்து நிற்குமே. போன வாரம் நான் கொட்டியது போதாதா? "நில்லு, நில்லு" என்று வானத்தைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். தலைமையாசிரியர் என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தேர்வு நடந்த அறைக்கும் தகரக் கூரைதான். இடைவேளையில் மற்றப் பள்ளிப் பிள்ளைகள் முகம் வெளிறி வந்தார்கள். சார் நேரம் சொன்னது கேட்கவில்லை, மண்டைக்குள் மழை சத்தம்தான், ஒன்றும் ஓடவில்லை என்றார்கள். எங்கள் ஐந்து பேர் மட்டும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் எப்படி என்று கேட்கும் முன்னால் ஐந்து உள்ளங்கைகள் விரிந்து உயர்ந்தன. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மழைத் தண்ணீர் என்றார். நாங்கள் நின்றது வராந்தாவில்.

மத்தியானம் ஷைனியைக் கூட்டிக்கொண்டு நனைந்தபடியே தோட்டத்துக்கு ஏறினேன். பாலை உறைய வைத்து ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் பால் முழுக்கத் தட்டில் ஊற்றி வரிசையாக வைத்திருந்தது. லீலா கால் நீட்டி உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தாள். "ஒம்பதே முக்காலுக்குக் கடைசிச் சிரட்டை. பொறவுதான் முதல் துளி" என்றாள், சமையலறையில் உப்பு பார்த்துச் சொல்கிற அதே குரலில். எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்தும் கொண்டேன். "போங்க அங்கோட்டு, சாயா கொட்டும். கொட்டியது போதாதா உங்களுக்கு?" என்றாள்.

செல்வி மகளுக்குத் தலை துவட்டிவிட்டாள். "எழுதினியா?" "எழுதினேன்." அவ்வளவுதான் பேச்சு. மே மாதத்து வெட்டைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ செல்வி ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. வாளியைக் கொட்டியவள் நான். ஒரு நாளைத்தான் கடன் வாங்கியிருந்தோம், அது முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே மலை இறங்கினேன்.

நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், ஷைனி தேறினாள், எங்கள் ஐந்து பேரில் மூன்று பேர் தேறினார்கள். ஆனால் அது வர மாதங்கள் ஆயின. எனக்கு ரிசல்ட் தெரிந்தது அந்தத் திங்கட்கிழமை காலையிலேயே.

நல்ல வெயில். காய்ந்த, கண் கூசும் வெயில். தகரத்தில் சொடக்குப் போடுகிற சூடு. வழக்கம்போலச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். லீலா வாய்க்குள் எண்ணிக்கொண்டு அரிசி போடுகிறாள். வெயில் நாளுக்கு எங்கே நிறுத்துவாள் என்பது எனக்கு அத்துப்படி. அங்கே நிறுத்தினாள். பிறகு டம்ளரைத் திரும்பவும் சாக்குக்குள் விட்டு, குவித்து எடுத்து, இன்னொன்று போட்டாள்.

"அது யாருக்கு லீலா?"

"மணியடிக்கப் போவுது. போய்ப் பேரு விளியுங்க டீச்சர்."

பக்கத்து வெட்டுக்காரியும் செல்வியும் இனி முன்பின்னாக வெட்டி, இரண்டு வெட்டையும் சேர்ந்தே பாலெடுப்பது, ஷைனியைக் கூப்பிடுவதில்லை என்று அந்தச் சனிக்கிழமை கொட்டகையிலேயே பேசி முடித்திருந்தார்கள். பேச வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்தது அந்த ஒரு டம்ளர் மட்டும்தான்.

வகுப்புக்குப் போனேன். பதிவேட்டைத் திறந்தேன். மழையில்லை, கூரை சும்மா இருந்தது, பலகையைத் தொடத் தேவையில்லை. நிமிர்ந்து பார்க்கப் பயந்து, குனிந்தபடியே ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தேன். ஷைனி என்ற பெயரையும் வாசித்தேன்.

"உள்ளேன் டீச்சர்."

ஆறு மாதமாக என் வகுப்பில் இருந்த பிள்ளை. வகுப்பில் அவள் குரலை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.